திறந்து கிடந்ததாகச் சொல்லப்பட்ட கதவு

பெய்லிப்பின் வேலையில் முக்கால்வாசி, மூடிய கதவின் முன்னால் நிற்பது. அப்படி நின்ற காலத்தில் நான் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் நான் காணவில்லை, கூட வேலை செய்த கெவின் சொல்லக் கேட்டேன். அதைப் பல வருடங்களாக முழுதாக நம்பவில்லை. நம்பாமலே நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

கடன் கட்டாதவர் வீட்டுக்கு நீதிமன்றக் கட்டளையோடு வந்து சாமான்களை எடுத்துப்போகிறவரை யாழ்ப்பாணத்தில் பிஸ்கால் என்போம். சிட்னியில் பெய்லிப். கொழும்பில் இருபது வருடம் கிளாக்கராக இருந்த எனக்கு, நாற்பத்தெட்டு வயதில், ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து நாலில், இங்கே கிடைத்தது பரமட்டாவில் கெவின் என்ற பெய்லிப்புக்கு உதவியாள் வேலை. சண்முகம் என்ற என்னை முதல் நாளே ‘சாம்’ ஆக்கிவிட்டார். அவர் தட்டுவார், நான் பட்டியல் எழுதுவேன், இருவரும் தூக்குவோம். கட்டளைகளில் பல, கவுன்சிலுக்கு வீட்டுவரி கட்டாதவர்கள் பேரில். கதவுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

படியோடு நிற்பது

முதல் நாளே கெவின் சட்டத்தைச் சொல்லித் தந்தார். வீட்டுக் கதவை உடைக்கக் கூடாது. தள்ளவும் கூடாது. திறந்து கிடந்தால் மட்டும் நுழையலாம். ஆனால் வீட்டுக்காரர் ஒருமுறை உள்ளே விட்டுவிட்டால், கண்ணில் பட்டதையெல்லாம் எழுதலாம். இந்த ஊர்க்காரருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் எங்கள் வண்டி தெருவில் திரும்பும்போதே திரைச்சீலைகள் மூடும்.

அன்று போன வீட்டில், வலைக்கதவுக்குப் பின்னால் ஒரு மனிதன் பாண் துண்டைத் தின்றபடி நின்றான். காலடியில் கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய். நான் கெவினுக்குப் பின்னால் ஒதுங்கியது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிகவும் அன்பாகச் சொன்னான்: “பயப்படாதே, கதவு பூட்டித்தான் இருக்கு. பூட்டு பழசு, அவ்வளவுதான்.”

கண்ணாடிக்குப் பின்னால் ரசீது

ஒரு விதவை. வயது எழுபதிருக்கும். கதவைத் திறக்காமல், யன்னல் கண்ணாடியில் உள்ளிருந்து ஒரு காகிதத்தை அழுத்திப் பிடித்தார். வரி கட்டிய ரசீது. கெவின் மூக்கு கண்ணாடியில் முட்டும்படி குனிந்து வாசித்தார். தெருமுனை ரெலிபோன் பெட்டிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். கட்டியது உண்மை. கவுன்சிலில் யாரோ வேறொரு வீட்டின் பேரில் பதிந்துவிட்டார்கள்.

கெவின் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா அப்போதும் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டார்: “நான் கதவைத் திறந்திருந்தால், இதை நின்று வாசித்திருப்பாயா?”

வண்டியில் ஏறியபிறகு நானும் அதையே யோசித்தேன். வாசித்திருக்க மாட்டோம். முதலில் எழுதியிருப்போம்.

என் வீட்டுக் கதவு

அந்த வேலை என்னை வீட்டிலும் விடவில்லை. நாங்கள் எவருக்கும் கடனில்லை. ஆனாலும் கட்டிய ரசீதுகளை ஒரு பிஸ்கற் தகரப் பேணியில் போட்டு, காலையில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் போவேன். யார் தட்டினாலும் திறக்காதே, யன்னலால் கதைத்து அனுப்பு என்று மனைவிக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தால், துடைப்பம் விற்க வந்த ஒருவன் எங்கள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறான்.

அவன் போனபின் சத்தம் போட்டேன். அவள் கோப்பையைக் கழுவியபடியே, திரும்பாமல் சொன்னாள்: “வாசலுக்கு வந்த மனிசனை வெயிலுக்கை நிக்க வச்சுக் கதைக்கச் சொல்லுறியளோ? நாங்கள் என்ன சனம்?”

பட்டியலில் ஒரு பெயர்

அடுத்த தை மாதம், இங்கே கோடைகாலம், நல்ல வெக்கை. காலையில் கெவின் தந்த பட்டியலில் மூன்றாவது பெயர் சிவபாதம். பென்டில் ஹில்லில் வீடு. எனக்குத் தெரிந்தவர். சிட்னியில் அப்போது எங்கள் ஆட்கள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். மூன்று கிழமைக்கு முன்னர் ரயிலில் பக்கத்தில் இருந்து, “வீட்டுவரியை முழுசாக் கட்டிப்போட்டன் அண்ணை, இனி ஒரு வருசத்துக்கு நிம்மதி” என்று சொன்னவர். பகலில் அவர் தொழிற்சாலையில் இருப்பார். வீட்டில் மனைவி, இரண்டு கைக்குழந்தைகள்.

அவர் கட்டிவிட்டார் என்று நான் கெவினிடம் சொல்லியிருக்க வேண்டும். அரைகுறையாகச் சொன்னேன். “கட்டியிருப்பார் போலை.” கெவின் தலையாட்டினார். “ரசீது இருந்தால் காட்டட்டும்.” அதோடு விட்டுவிட்டேன். ரயில்வேயில் ஒரு கிளாக்கர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நற்சான்றுக் கடிதம் கெவின் எழுதித் தர வேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று. அந்த வீட்டுக் குசினியில் இருந்து நான் ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதை சிவபாதத்தின் மனைவி, என் மகள் வயதுப் பிள்ளை, பார்ப்பாள். வயிற்றுக்குத்து என்றேன்.

கெவின் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “சரி, நீ வராதே. உன் ஆட்கள் எனக்குக் கதவு திறப்பார்களா?” அந்த நேரத்தில் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. இந்தப் பேச்சு முடிந்து வெளியே போனால் போதும் என்றிருந்தது. தண்ணீர் கேள், என்றேன். தண்ணீர் கேட்டவனை எங்கள் வீடுகளில் படியில் நிற்க விடமாட்டார்கள், உள்ளே கூப்பிட்டு இருத்துவார்கள் என்றேன். கெவின் பென்சிலைக் காதில் செருகினார்.

“தண்ணியா? இத்தனை வருடம் வீணாகத் தட்டியிருக்கிறேன்.”

கெவின் கொண்டுவந்த கதை

மறுநாள் அவராகவே சொன்னார். போனபோது கதவு திறந்து கிடந்தது. வெக்கைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். குரல் கொடுத்துவிட்டு உள்ளே போனார். எழுதினார். பக்கத்துத் தெரு ஆள் ஒருவரைப் பிடித்துக் குளிர்பெட்டியை ஏற்றினார். ரசீது சிவபாதத்தின் மனைவி கையில் இருந்தது. ஏற்றி முடிந்தபிறகுதான் வாசித்தார். கவுன்சில் பிழையை ஒப்புக்கொள்ளப் பதினொரு நாள் எடுத்தது. பெட்டியைத் தானே கொண்டுபோய் இறக்கினார். எல்லாம் சரி, யாருக்கும் கோபமில்லை.

நான் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக் கதவு எனக்குத் தெரியும். குழந்தை தவழ்ந்து தெருவுக்குப் போய்விடும் என்று சிவபாதம் உயரத்தில் ஒரு கொளுக்கி அடித்திருந்தார். தனியே இருக்கிற பெண், தவழுகிற பிள்ளை, திறந்த கதவு. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க என்னால் இன்றுவரை முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, கெவின் மறுபடியும் சொன்னார்: “திறந்துதான் கிடந்தது, சாம். நான் எதுவும் செய்யவில்லை.”

ரயிலில்

ஒரு மாதம் சிவபாதத்தின் ரயிலைத் தவிர்த்து, முந்தின ரயிலில் போனேன். ஒருநாள் அவரும் முந்தின ரயிலில் வந்தார். என் எதிரில் இருந்தார். குழந்தைகளைப் பற்றிக் கதைத்தார். பதினொரு நாளும் பாலைப் பக்கத்து வீட்டில் வைத்து எடுத்தார்களாம். பெட்டி ஏன் போனது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் பரமட்டாவில் இறங்க எழுந்தபோது, என் தோளில் கை வைத்து, சுகம் விசாரிக்கிற குரலில் கேட்டார்: “அண்ணை, அண்டைக்கு உங்களுக்கு வயித்துக்குத்தாம். இப்ப சுகமோ?”

கெவினின் கட்டில்

ரயில்வே வேலை கிடைத்தது. கெவின் நல்ல கடிதம் எழுதித் தந்திருந்தார். சிவபாதம் குடும்பம் வீட்டை விற்றுவிட்டு வேறு மாநிலத்திலுள்ள டண்டினொங் பக்கம் போய்விட்டது. ஏன் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுவது சுலபம்.

போன மாதம், ஐம்பத்து மூன்று வயதில், கொடிமுந்திரிகைப்பழப் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓய்வுபெற்ற கெவினுக்கு இடுப்பில் அறுவை. பழைய வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்தார். கடைசியில், நான் கேட்காமலே, அந்த வீட்டுக்கு வந்தார். கதவு திறந்து கிடந்தது, என்றார். இந்த முறை இரண்டு கதவும் திறந்திருந்தன, பின்கதவால் காற்றுக்கூட வந்தது. அது பொய்யென்றால், எனக்காகவே ஐந்து வருடம் சொல்லிவரும் பொய். உண்மையென்றால், நான் ஒரு நல்ல மனிதனைச் சந்தேகித்தபடி அவர் தந்த கடிதத்தில் சாப்பிடுகிறேன். தண்ணீர் கேட்டீரா என்றால் இல்லை என்பார். அதற்கு அவர் தயாராக இருந்தது கண்ணில் தெரிந்தது.

மற்றவர் வீட்டுச் சாமான்களையெல்லாம் ஒன்று விடாமல் பட்டியல் எழுதிய நான், எனக்கு வேண்டிய ஒரேயொரு விவரத்தை ஐந்து வருடம் கழித்துத்தான் கேட்டேன்: “கெவின், அந்தப் பிள்ளை தண்ணியை எதிலே கொண்டுவந்து தந்தது?”