செதும்பல் மட்டும் கிடந்த வயிறு

பேத்தி ஒரு படப்புத்தகத்தை என் மடியில் போட்டாள். முதலை மூஞ்சி, இரண்டு காலில் நிற்கிற உடம்பு. பெயர் பேரியோனிக்ஸ். ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். மூன்றாக உடைத்துத்தான் வாயில் ஏற்றினேன். அவள் சிரித்தாள். சிரிக்கட்டும்.

பிள்ளைகளே, எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். இது முப்பது அடி நீள டைனோசர். ஒடுங்கி நீண்ட வாய், நெருக்கமாகப் பல். கைப் பெருவிரலில் ஒரு அடிக்குக் கொக்கி மாதிரி நகம். அதால் மீனைக் கோரி எடுத்திருக்கும் என்கிறார்கள். முதலைக்கு இது தாத்தா இல்லை. வலை இழுக்கிறவர்களின் கை எந்த ஊரிலும் ஒரே மாதிரிக் காய்த்துப் போகிறதல்லவா, அப்படித் தொழில் கொடுத்த முகம்.

"மீனு தின்னுச்சுன்னு யாரு பாத்தா பாட்டா?"

யாரும் பார்க்கவில்லை. எலும்புக்கூட்டில் வயிறு இருந்த இடத்தில் மீன் செதில் கிடந்தது. கூடவே ஒரு குட்டி டைனோசரின் எலும்பும். செதிலை எங்கள் பக்கம் செதும்பல் என்போம். அந்தச் சொல் வாயில் வந்ததும் நாற்றமும் வந்துவிட்டது.

முப்பதுகளில், இங்கே திருவிதாங்கூர் ராஜ்யமாக இருந்த நாளில், என் அக்காவைத் தக்கலைக்குப் பக்கம் ஒரு குளக்கரை வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். இரண்டு வருடத்தில் மூன்று தடவை ஓடி வந்தாள். கையில் சூட்டுக் காயம். "நான் போவமாட்டேன் அப்பா" என்பாள். மூன்று தடவையும் அப்பா திருப்பி அனுப்பினார். கடைசியாகக் கொண்டுபோய் விட்டவன் நான். வழியில் வடை வாங்கிக் கொடுத்தேன். பெரிய உபகாரம்!

எட்டாம் நாள் ஆள் வந்தது. துணி நனைக்கப் போனவளைச் சீங்கண்ணி கொண்டுபோய்விட்டதாம். சீங்கண்ணி என்றால் குளத்து முதலை. அந்தக் குளத்தில் ஒன்றே ஒன்று உண்டு. எதிர்க்கரையில் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காயும். குளிக்கிற பெண்கள் "போ அங்கிட்டு" என்று கல் எறிவார்கள், அது போகும். ஒரு ஆட்டைக்கூட அது தொட்டதாக யாரும் சொன்னதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதைச் சுட்டுக் கரையில் மல்லாக்கப் போட்டிருந்தார்கள். ஒருவர் வெட்டுகத்தியால் வயிற்றைக் கீறினார். கூட்டம் நெருக்கியது.

"கம்மல் கெடக்கா பாருலே!"

"செதும்பலுதான் கெடக்கு. ரெண்டு வெராலு மீனு அப்பிடியே கெடக்கு."

"நம்மளவிட நல்லாத் தின்னுருக்குலே!"

சிரித்தார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. "இது வேற சீங்கண்ணியா இருக்கும்" என்றார்.

கத்தி பிடித்தவர் நிமிர்ந்தார். "இந்தக் கொளத்துல ரெண்டாவது ஒண்ண எவன் பாத்தான்?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஊரும் சேர்ந்து அத்தானைக் கேட்டிருக்கும். அப்பா வெகுநேரம் அந்த வயிற்றையே பார்த்தார். பிறகு, "செரி, வேற ஒண்ணாத்தான் இருக்கும்" என்றார். என்னிடம், "வா மக்கா, வெயிலு ஏறுகதுக்கு முன்ன நடப்போம்."

அப்பாவை மட்டும் சொல்லி என்ன? எனக்கும் வாய் இருந்தது. அந்த முதலை தின்னவில்லை என்றால், திருப்பி அனுப்பிய நாங்கள் யார் என்று ஆகிவிடும். இரண்டாவது முதலை அத்தானைவிட எங்களுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

அடுத்த கோடையில் குளம் வற்றி, வண்டல் வெட்டி வயலுக்குக் கொண்டுபோனார்கள். அடியில் என்ன கிடந்தது என்று எங்கள் வீட்டிலிருந்து யாரும் பார்க்கப் போகவில்லை.

இப்போது அங்கே குளமும் இல்லை. வாழைத்தோட்டம், நாலைந்து மாடி வீடு. அக்காவுக்கு ஒரு படம் கிடையாது, கல்லறை கிடையாது. போன மாதம் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் ஜன்னல் வழியாகக் கை நீட்டினார்.

"இங்கினதான் பண்டு ஒரு பெண்ணச் சீங்கண்ணி தின்னுச்சாம். கேள்விப்பட்டிருக்கியளா?"

"ஆமா," என்றேன். "கேள்விப்பட்டிருக்கேன்."