பெயர் போட்ட காகித வீடு

என் வீட்டுக்காரர் எதை வாங்கினாலும் அதில் அவர் பெயர் இருக்க வேண்டும். பாத்திரக் கடையில் ஒரு கரண்டி வாங்கினாலும் பெயர் வெட்டுகிறவர் முன்னால் போய் நின்றுவிடுவார். வெறும் பெயர் போதாது. முன்னால் இனிஷியல், பின்னால் பி.ஏ. என் அப்பா கொடுத்த சீர்ப் பாத்திரங்களிலும் கல்யாணமான மாதமே அவர் பெயர் ஏறிவிட்டது. அவர் பெயர் ஏறாதது வீடு ஒன்றில்தான், ஏனென்றால் அது வாடகை வீடு. சொந்தமாகச் சின்னதாய் ஒன்று கட்டுவோம் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "பாக்கலாம்" என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரில் குடியேறிவிட்ட நாத்தனார் வரச் சொல்லி வற்புறுத்தியதால், மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு சென்னையில் கப்பலேறினோம். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் அவள் வீடு. ஊர் பார்க்க வருகிறவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். இவருடைய கொள்கை வேறு. "பசங்க உழைப்பைப் பாக்கணும்" என்றார். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் ஆள் தேடுகிறவர். அதனாலோ என்னவோ, பிறர் உழைப்பதைப் பார்ப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். மரக்கட்டைச் செருப்பு செதுக்கும் இடத்தில் பிள்ளைகளை நிறுத்தி நெடுநேரம் பிரசங்கம் செய்தார். நாற்காலி பின்னும் இடத்தில் பிரம்பைக் கண்ட மகனுக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்து, என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான்.

"எங்க போறதா இருந்தாலும் என்னைக் கூப்பிடுங்கண்ணே" என்று நாத்தனார் தினமும் சொன்னாள். "எனக்குத் தெரியாதா?" என்பார், முந்தின வாரம் கப்பலிலிருந்து இறங்கியவர்.

அப்படித்தான் ஒரு நாள் காலையில், ஜாலான் புசார் பக்கம் ஒரு சீனப் பெரியவரின் பட்டறைக்குள் நுழைந்தோம். மூங்கிலைக் கீறி, வளைத்துக் கட்டி, வண்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மாடி வீடு, மகளின் இடுப்பு உயரத்துக்கு. உப்பரிகை, கட்டில், வாசலில் கார், எல்லாமே காகிதம். என் மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அப்பா, இந்த வீட்டையாவது வாங்கலாமா?"

நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால் யார் நம்பப்போகிறார்கள். எனக்குச் சுருக்கென்றது, அவருக்கு முகம் சிவந்தது. உடனே வாங்கிவிட்டார். வாங்கினால் பெயர் போடாமல் எப்படி? எழுதிக் காட்டும் பாவனையில் விரலை ஆட்டினார். பெரியவருக்கு அது புதிதாகத் தெரியவில்லை. தூரிகையை எடுத்துக்கொண்டு, யார் பெயர் என்று கையால் கேட்டார். இவர் தன் மார்பைத் தட்டினார்.

பெரியவர் கை அப்படியே நின்றது. இவரை மேலும் கீழும் பார்த்தார். என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். இவர் இன்னொரு தடவை மார்பைத் தட்டி, தூரிகையை வாங்கி, வாசலுக்கு மேலே தமிழில் தானே எழுதினார். இனிஷியலோடு, பி.ஏ.வோடு. பெரியவர் உள்ளே போய், காகிதத்தில் செய்த வேலையாட்கள் இரண்டு பேரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அதற்குக் காசு வேண்டாம் என்று கையசைத்துவிட்டார்.

"பாத்தியா, மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்றார் என்னவர்.

வீட்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நடந்தபோது சீனர்கள் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதையும் மரியாதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

நாத்தனார், எதற்கும் 'லா' போடும் அந்த ஊர்ப் பேச்சில், வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணே, உள்ள கொண்டு வராதீங்க லா."

பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் ஓடிவந்து மலாயில் ஏதோ கேட்டார். "உங்க வீட்டுல யாரு தவறிட்டாங்கன்னு கேக்குறாங்க" என்றாள் நாத்தனார். 'தவறிட்டாங்க' என்றால் என்னவென்று தெரியாத என் மகன், வீடு யாருடையது என்று கேட்பதாக எண்ணி, பெருமையாக அப்பாவைக் காட்டினான்.

"இது செத்தவங்களுக்குண்ணே. எரிச்சா மேல இருக்கவங்களுக்குப் போய்ச் சேரும். பேரு எழுதுறது, யாருக்குப் போகணும்னு தெரியறதுக்கு."

"அப்ப அந்த வேலையாளுங்க?"

"அங்க போய் நீங்க சிரமப்படக் கூடாதுன்னு."

ராகுகாலத்தில்தான் வெளியூர் கிளம்புவேன் என்று அடம்பிடிக்கிற பகுத்தறிவுவாதி அவர். "எல்லாம் மூடநம்பிக்கை" என்று சிரித்துவிட்டுத் தின்பண்டம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில், "பேரை மட்டும் எடுத்துட்டா ஒண்ணும் ஆகாதில்ல?" என்று சீனத்து அம்மாளிடம் கேட்கச் சொன்னார். ஆகாது என்றதும் விரலை நனைத்துத் தேய்த்தார். மை ஊறிப்போயிருந்தது. கடைசியில் வாசல் நெற்றியையே பிய்த்தெடுத்தார். அந்த அம்மாள் மிச்சத்தைப் பட்டறைக்கே தூக்கிப் போனார்.

"இந்த வீடும் போச்சா?" என்று மகள் விம்மினாள். எனக்குச் சிரிப்பெல்லாம் நின்றுபோயிற்று. அவரும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும், நான் கேட்காமலே மனை பார்த்தார். பதிவு அலுவலகத்தில், "உன் பேர்லயே இருக்கட்டும்" என்றார். வீடு எழும்பியது. வாசலில் பதிக்கிற கல்லோடு வந்த கொத்தனார், "சார் பேரத்தானே வெட்டணும்?" என்றார்.

"வேண்டாம், வேண்டாம். அம்மா பேரப் போடு."

பயமா, பாசமா என்று நான் கிளறவில்லை. கொடுத்த வீட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? இத்தனை வருஷம் நான் தொண்டை வற்றக் கேட்டும் நடக்காததை, தமிழில் ஒரு வார்த்தை தெரியாத அந்தப் பெரியவர் முடித்துக் கொடுத்துவிட்டார். கல்லைப் பதித்த அன்று அதன் முன்னால் நின்றேன். அதுவரை என் பெயரை ஒரு கரண்டியில்கூட யாரும் வெட்டியதில்லை. கண் நிறைந்துவிட்டது. பி.ஏ. இல்லாததால் கல்லில் நிறைய இடம் மிச்சமிருந்தது.