நிலா போட்ட கவர்

என் மனைவி சரோஜாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எங்கள் கடைக்கு நிலா வரைந்துகொண்டிருந்தாள். மருந்துக் கடையில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது பாதி வேலைதான். எந்த வேளைக்கு என்று புரியவைப்பது மீதி. பெங்களூர் அல்சூரில் நான் வேலை பார்க்கும் கடையில் காகித கவரில் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா; எல்லாம் அவள் கை வரைந்தது. அன்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒன்று வரைந்தேன். “இது நிலாவா, வாழைப்பழமா? வீட்டுக்குப் போய்த் தூங்குங்க” என்றாள்.

தூக்கம் வராதவர்களே, அதற்குப் பிறகு நானும் உங்களில் ஒருவன்.

ஒரு சொம்பு

ரிடையரான ஹெட்கிளார்க் ஒருவர் தூக்க மாத்திரை கேட்டு வந்தார். ராத்திரி ஐந்து தடவை எழுந்திருக்கிறாராம். சீட்டைப் பார்த்தால் பிரஷருக்கு நீர் மாத்திரை, காலையில் ஒன்று. அதை அவர் படுக்கப் போகும்போது போட்டுக்கொண்டிருந்தார். நீர் பிரியவைக்கிற மாத்திரை, தூங்க விடுமா?

“நீர் மாத்திரைன்னா நிறைய தண்ணி குடிச்சுப் போடறதுன்னு நெனச்சேன்பா. தெனமும் ஒரு சொம்பு!”

முனிராஜுவின் ராத்திரி

முனிராஜு தொம்மலூரில் ஒரு ஆபீஸில் ராத்திரி வாட்ச்மேன். சளிக்கு டாக்டர் எழுதியது தூக்கம் வரும் மாத்திரை. என்ன வேலை என்று கேட்காமல் நிலா கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் முகம் வாடி வந்தான். டியூட்டியில் தூங்கிவிட்டானாம், இன்னொரு தடவை தூங்கினால் வேலை போய்விடும். டாக்டருக்குப் போன் செய்து, டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும் போடும்படி மாற்றினேன். வேலை தப்பியது.

“நிலா வந்ததும் போட்டேண்ணா. எனக்கு ராத்திரியே காலையிலதானே வருது!”

எனக்கு வந்தது

சரோஜா போன பிறகு, யாரையும் கேட்காமல் அதே சளி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போட ஆரம்பித்தேன். சளியே இல்லை. ராத்திரி ஏதோ தூங்கினேன். பகலெல்லாம் கவுண்டரில் தூங்கி வழிந்து சாமியாடினேன். ஒரு மத்தியானம் முனிராஜுவின் அம்மாவுடைய ராத்திரி மாத்திரையைச் சூரியன் கவரில் போட்டு நீட்டினேன். அவன் பிரித்துப் பார்த்துவிட்டு என் கண்ணைப் பார்த்தான்.

“அண்ணா, உங்களுக்கு யாருண்ணா நிலா போட்டது?”

அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னார்; மத்தியானத் தூக்கம் கூடாது, தூங்கினாலும் தூங்காவிட்டாலும் தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும் என்றார். ஒரு மாதம் திட்டிக்கொண்டே எழுந்தேன். பிறகு தூக்கம் தானாக வந்தது.

சரோஜா வரைந்ததில் நிலா கவர் தீர்ந்துபோய், இப்போது என் வாழைப்பழம்தான் ஓடுகிறது. அவள் போட்ட சூரியன் மட்டும் பதினோரு கவர் மீதி இருக்கிறது.