பாயசத்துக்கு முன்னால் ஒரு கால் திருப்பு

என் மச்சான் ஒரு கல்யாண வீட்டில் பாயசம் குடித்து நான் பார்த்ததில்லை. இலை போட்டால் உட்காருவார். பருப்பு வரும், நெய் வரும், சாம்பார் வரும். சாம்பார் பாதியில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பாயச வாளியோடு ஆள் பந்தியின் அந்த முனையில் திரும்பும்போது, இந்த முனையில் இவர் இலையை மடக்கிவிட்டு எழுந்திருப்பார். எங்கள் பக்கத்தில் பாயசத்தில் பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் போட்டுப் பிசைந்து அடிக்கிறதுக்கென்றே கல்யாணத்துக்கு வருகிறவர்கள் உண்டு. இவரோ அதை விட்டுவிட்டுப் போவார். எதற்கு? ஒரு நட்டைக் கால் திருப்பு திருப்புவதற்கு.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அருமனைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் ரப்பர் மிதியடி செய்கிற ஒரு கம்பெனியில் பாய்லர் பார்க்கிறார். ரப்பர் விறகு போட்டு எரிக்கிற பாய்லர். அதற்குத் தண்ணீர் தள்ள ஒரு பழைய பம்பு. பாய்லரின் ஆவியையே வாங்கிக்கொண்டு பாய்லருக்கே தண்ணீர் ஊட்டும். மோட்டார் பம்பு ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் கரண்டு போனால் அது கிடந்துவிடும், இது ஓடும். அதனால் முதலாளி இதைத் தூக்கிப் போடவில்லை.

இந்தப் பம்பில் பிஸ்டனிலிருந்து ஒரு ராடு வெளியே வரும். உள்ளே போகும், வெளியே வரும், நாள் முழுக்க அதுதான் சோலி. அது வருகிற ஓட்டை வழியே ஆவியும் கூடவே வரப் பார்க்கும். அதை மறிக்க ராடைச் சுற்றிக் கிராபைட் கயிறு திணித்து, மேலே ஒரு மூடி வைத்து, இரண்டு நட்டால் முறுக்கி வைப்பார்கள். மலைக்குப் போகிறவன் கழுத்தில் மப்ளர் சுற்றினதுபோல. ஓட ஓடக் கயிறு தேயும், ஆவி சீறும். உடனே நட்டைக் கொஞ்சம் முறுக்கணும். கூடிப்போனால் மப்ளர் கழுத்தை நெரித்துவிடும், ராடு சூடேறிக் கயிறு கருகும். எவ்வளவு முறுக்குவது என்று மச்சானிடம் கேட்டால், “கை சொல்லும்” என்பார். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் கிடையாது.

அவருக்கு லீவு உண்டு. மாற்றாளும் உண்டு, அவரைப்போலவே சர்டிபிகேட் உள்ள ஆள். ஆனால் அந்த மாற்றாள் எப்போதோ ஒருநாள் நட்டை இழுத்து முறுக்கி, ராடு நீலம் பாரித்து, மோட்டார் பம்பு வராத அந்தக் காலத்தில் கம்பெனி நாலு நாள் கிடந்தது. அன்றிலிருந்து மச்சானுக்கு இரண்டு மணி நேரம்தான் நிம்மதி. இரண்டு மணி தாண்டினால் வெப்ராளம் வந்துவிடும், இருப்புக்கொள்ளாது. சட்டைக்குள் எறும்பு போனவன் மாதிரி நெளிவார். என் புதுவீடு பிரதிஷ்டை ஜெபத்தில் போதகர் ஆமென் சொல்ல, எல்லாரும் கண்ணைத் திறந்தோம். மச்சான் நின்ற இடத்தில் அவருடைய பாட்டுப் புத்தகம் மட்டும் இருந்தது.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, என் மூத்த மகள் கல்யாணம் வரைக்கும். குடும்பப் படம் எடுக்கிற நேரத்தில் தாய்மாமனைக் காணவில்லை. “இப்ப வந்துருவான்” என்று என் மனைவி பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு நின்றாள். அவர் வரவில்லை. அந்தப் படம் எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அந்த இடைவெளியைக் காட்டி, இங்கே யார் நின்றது, அழித்துவிட்டீர்களா என்று கேட்பார்கள்.

இளையவளுக்குக் கல்யாணம் உறுதியான அன்று நான் பந்தல், மண்டபம் என்று பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி மீன் வெட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்தபிறகு சொன்னாள்:

“நீங்க என்னமும் செய்யுங்க. எனக்கு என் தம்பி பாயசம் வரைக்கும் இருக்கணும். படத்துல நிக்கணும். இல்லாட்டி நானும் நிக்க மாட்டேன்.”

சொன்னால் செய்கிறவள். முன்னால் வேறு அரிவாள்மனை.

நான் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறவன். படித்தது ஒன்பதாம் வகுப்பு. மீதி எல்லாம் கழற்றிப் பார்த்துத் தெரிந்ததுதான். நாகர்கோவிலில் ஒரு பழைய இரும்புக் கடையில் முன்பு ஒரு வெண்கல வளையம் கிடைத்தது. மூன்று துண்டாக அறுத்த வளையம், சுற்றிலும் வட்டமாக ஒரு ஸ்பிரிங். என்னது என்று தெரியாமல், அழகாக இருக்கிறதே என்று வாங்கி, மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்தேன். ஒருநாள் மனைவி ரப்பர் பேண்டு போட்ட முருங்கைக்காய்க் கட்டிலிருந்து இரண்டு காயை உருவினாள். மீதிக் காய்களை ரப்பர் பேண்டு தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது எனக்கு. அந்த வளையம் இதுதான். ராடைச் சுற்றி மூன்று துண்டு, அவற்றைப் பிடித்துக்கொள்ள ஸ்பிரிங். வெண்கலம் தேயத் தேய ஸ்பிரிங் துண்டுகளை உள்ளே தள்ளும், ஆவியும் தன் பங்குக்குப் பின்னாலிருந்து அமுக்கும். யாரும் முறுக்க வேண்டாம். தேய்ந்ததற்குத் தக்கபடி அதுவே நெருங்கிக்கொள்ளும்.

நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பெரிய பெரிய ஆவி இயந்திரங்களில் இது என்றைக்கோ வந்த சங்கதி என்று பிறகுதான் தெரிந்தது. சவத்த விடுங்க, அந்த ஒரு வாரம் நன்றாக இருந்தது.

முதலாளியிடம் சம்மதம் வாங்கி, ராடின் அளவெடுத்து, இரண்டு வளையம் கடைந்தேன். ஒன்றின் வெட்டு மற்றதன் முதுகில் மறைகிறபடி அடுக்கி, கயிறு இருந்த இடத்தில் மாட்டினேன். ஸ்பிரிங்கும் என் கையால் சுற்றியதுதான். மச்சானிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். முதலில் கொஞ்சம் சீறும், ஓடி ஓடித்தான் ராடோடு பொருந்தும், அதுவரை நட்டில் கை வைக்க வேண்டாம். சரி என்றார். மறுநாள் காலையில் போன் வந்தது. ராடு சுடுகிறதாம். போய்ப் பார்த்தால் நட்டு இரண்டும் ஒன்றரைத் திருப்பு உள்ளே போயிருக்கிறது. வளையங்களை அசையவிடாமல் நசுக்கி வைத்திருக்கிறார்.

“நான் முறுக்கல்ல அத்தான்,” என்றார். “சீறிச்சா, சும்மா ஒண்ணு தொட்டுப் பாத்தேன். கை சொல்லிச்சு.”

“உம்ம கைய முதல்ல கழத்தி வையும் ஓய்,” என்றேன்.

இவருக்கு நட்டை முறுக்காதே என்று சொல்வதைவிட, முறுக்கினாலும் ஒன்றும் ஆகாதபடி செய்வதுதான் வழி என்று தெரிந்துவிட்டது. வளையம் உட்கார ஒரு கிண்ணம் கடைந்தேன். மூடி அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் இரும்போடு இரும்பாக முட்டி நின்றுவிடும். வளையங்கள் உள்ளே தாராளமாக அசையும். இனி எத்தனை பலம் போட்டு முறுக்கினாலும் நட்டுக்குத்தான் நோவும். இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கும் ஓய் என்றேன். முறுக்கினார். ஒன்றும் மாறவில்லை. என்னைப் பார்த்தார். மறுபடி முறுக்கினார். மூன்றாம் நாள் சீறலும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் மனுஷன் வாடிப்போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்காவிடம் புகார். சத்தமே இல்லையாம். இத்தனை வருஷமாக ஒரு சீறலைக் காதில் போட்டுக்கொண்டு விறகு தள்ளியவருக்கு அந்த அமைதியில் பம்பு உயிரோடு இருக்கிறதா செத்ததா என்று தெரியவில்லையாம். “எங்கிட்ட பேச்சே இல்ல, அக்கா” என்றார், மனைவி கோபித்துக்கொண்ட புருஷன் மாதிரி. என் மனைவி கட்டன்சாயா கொடுத்துச் சமாதானம் செய்தாள். மூன்று வாரத்தில் பழகிவிட்டார். மாற்றாளிடம் விட்டுவிட்டு மார்த்தாண்டம் போய்ச் சட்டை எடுத்துவரும் அளவுக்குப் பழகிவிட்டார்.

கல்யாணத்தன்று கம்பெனியில் வேலை நாள். சர்ச்சில் மச்சான் முன்வரிசையில் இருந்தார். பிரசங்கம் நீண்டது. மற்றவர்கள் கடிகாரம் பார்த்தார்கள், அவர் பார்க்கவில்லை. ரிஜிஸ்டரில் பெண் வீட்டுச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். விரலில் கிராபைட் கறை போக அரப்புத் தேய்த்துக் கழுவியிருந்தார். மண்டபத்தில் ஒவ்வொருவராகப் பிடித்துக் கொண்டுவந்து என்னைக் காட்டினார். “எங்க அத்தான் வளையம் செஞ்சாங்க. அது தன்னப்போல இறுக்கும். நான் போகாண்டாம்.” யாருக்கும் புரியவில்லை. ஏதோ கல்யாண மோதிரக் கதை என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மட்டும் புரிந்தது. கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாம் கேட்டுவிட்டு, சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த ஸ்பிரிங்கு அறுந்தா?”

“அறாது,” என்றார் மச்சான், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல்.

அந்த ‘அறாது’தான் என்னைக் கவிழ்த்தது. ஏன் அறாது? சுற்றினவன் நான். அந்தக் கம்பியை எங்கே வாங்கினேன், எவ்வளவு சூடு காட்டினேன், முனையை எப்படிக் கொளுவினேன் எல்லாம் எனக்குத்தானே தெரியும். முதலில் சுற்றிய ஒன்று மேசையிலேயே முறிந்ததும் எனக்குத்தான் தெரியும். அதை நான் மச்சானிடம் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு நம்பிக்கொண்டு பட்டுச் சட்டையில் நிற்கிறார். பந்தி போட்டார்கள். எனக்குச் சாம்பார் இறங்கவில்லை. சட்டைக்குள் எறும்பு ஊர்ந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பாயச வாளி அந்த முனையில் திரும்பியது.

ஐஸ் வாங்கப் போகிறேன் என்று சமையல்காரரிடம் சொன்னேன். ஐஸ் எதற்கு என்று அவர் கேட்பதற்குள் ஸ்கூட்டர் ரோட்டுக்கு வந்துவிட்டது.

பாய்லர் கூடத்தில் மாற்றாள், என் மனைவி கொடுத்துவிட்ட கல்யாணச் சோற்றுப் பொதியைப் பிரித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கை நின்றது.

“நீங்களா அண்ணாச்சி? நான் அவருதான் வருவாருன்னு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

நான் பம்புக்குப் பக்கத்தில் போனேன். ராடு போனது, வந்தது. மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, ஒரு பொட்டு ஆவி இல்லை. சரி, பார்த்தாயிற்று, திரும்பலாம். கால் திரும்பவில்லை. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா, அறுந்து கிடக்கிறதா, எப்படித் தெரியும்? மச்சான் சொன்ன புகார் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுவரில் ஸ்பேனர் தொங்கியது. அதை எப்போது எடுத்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. நட்டில் மாட்டியிருந்தேன்.

“அத்தான், அதுல கை வைக்காதீங்க.”

வாசலில் மச்சான். பட்டுச் சட்டை, கையில் யாருடைய ஹெல்மெட்டோ.

“சும்மா தொட்டுப் பாத்தேன்,” என்றேன்.

“கை சொல்லிச்சா?” என்றார்.

மாற்றாள் சோற்றுப் பொதியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் சிரித்தார். என்னைத் தேடி மண்டபம் அல்லோலப்பட்டதாம். அக்கா அனுப்பினாளாம். எனக்குப் பதினொரு தடவை போன் வந்திருக்கிறது, அது ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தது. இங்கேதான் இருப்பேன் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “நான் போன வழிதானே” என்றார். சொல்லிவிட்டு, இவ்வளவு தூரம் வந்தாச்சு என்று நட்டை அவரும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேரும்போது மாப்பிள்ளை வீட்டுப் பஸ் போய்விட்டது. தென்காசிப் பக்கம் போகிறவர்கள், அவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. படம் எடுத்தாயிற்று. நிற்க மாட்டேன் என்று சொன்னவள் மகள் அழுததால் நின்றிருக்கிறாள், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் இடம் விட்டு.

எங்களைப் பார்த்ததும் அவள் சத்தம் போடவில்லை. என் வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் இருந்த கரியைத்தான் பார்த்தாள்.

“அவன நிறுத்த ரெண்டு மாசம் இருந்து வளையம் செஞ்சீங்க,” என்றாள். “உங்கள நிறுத்த எவன் செய்வான்?”

சமையல்காரர் பாத்திரம் கழுவ ஆரம்பித்திருந்தார். ஒரு வாளியின் அடியில் பாயசம் திரண்டு கிடந்தது. மனைவி அதை இரண்டு டம்ளரில் வழித்து ஊற்றி, நமுத்த பப்படம் ஒன்றை இரண்டாகப் பிட்டுக் கொடுத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், குடித்து முடிக்கும்வரை விடமாட்டேன் என்பதுபோல. மச்சான் பப்படத்தை அமுக்கிப் பார்த்தார், நொறுங்கவில்லை. அப்படியே உள்ளே போட்டுக் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“கொள்ளாமே, அத்தான். நல்லாத்தான் இருக்கு. இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா?”

“இது ஆறிப்போச்சு. சூட்டோட இருந்தா இன்னும் கொள்ளாம்.”

“அப்ப அடுத்த கல்யாணத்துல பாப்போம்,” என்றார்.

“அடுத்ததுக்கு எனக்குப் பிள்ளை இல்ல மக்கா,” என்றாள் என் மனைவி. ஆனாலும் எழுந்துபோய் வாளியை இன்னொரு தடவை வழித்துக்கொண்டு வந்து, அவர் டம்ளரில் மட்டும் ஊற்றினாள்.