ரொட்டி பாயின் காது

அந்தப் பின்பால் மெஷின் லோரியிலிருந்து இறங்கிய அன்றே அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டேன். ஆள் நீளத்துக்கு ஒரு சாய்வு மேசை, மேலே கண்ணாடி. உள்ளே ஓர் இரும்புக் குண்டு உருண்டு வரும்; அது கீழே விழாமல் இரண்டு பக்கமும் பொத்தானை அழுத்தித் தட்டிவிட வேண்டும். வெறும் விளையாட்டுச் சாமான்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் கலர் லைட் எரியும் எதுவும் சூதாட்ட மெஷின்தான். யாராவது போலீசுக்குச் சொல்லிவிட்டால்? கடைக்காரனிடம் பேசுகிற மலாய் மொழி, போலீஸ்காரன் முன்னால் எனக்கு வராது. ஜன்னலையும் சாத்தினேன். புக்கிட் பெலண்டோக் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற எங்கள் லயத்தில் எட்டு வீடு, அதில் ஏழு பூட்டிக் கிடக்கிறது. யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? இருந்தாலும் தார்ப்பாயை எடுக்கவில்லை.

மெஷின் சி ரூசா கடற்கரையில் தங்கும் விடுதி நடத்தும் ஒரு சீனத்து அம்மாவுடையது. ஆட்டமெல்லாம் சரியாக இருக்கிறது, ஸ்பீக்கரில்தான் ஓயாமல் ஓர் இரைச்சல் என்றார். வாசலில் உட்கார்ந்து சாவி கொடுக்கும் பெண் தலைவலி தாங்காமல் வேலையை விட்டே போய்விட்டாளாம்.

சுவிட்சைப் போட்டதும் கேட்டது. ம்ம்ம் என்று, மூடிய வாய்க்குள்ளிருந்து வருவது மாதிரி. சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழை அடியோடு இறக்கியும் அது அசையவில்லை. அப்படியானால் கோளாறு மெஷின் போடும் பாட்டுச் சத்தத்தில் இல்லை, கரண்டில். பிளக்கைப் பிடுங்கி, அது என் கண்ணில் படுகிற மாதிரி மேசை மேல் வைத்துவிட்டு, மூன்று தடவை அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை வைத்தேன். கரண்டைச் சீராக்கும் கெப்பாசிட்டர் ஒன்று, பால் டின் அளவுக்கு இருப்பது, வாய் வீங்கிப்போயிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து ஈயம் பற்றவைத்தேன்.

மறுபடி சுவிட்சைப் போட்டேன். குறைந்த மாதிரி இருந்தது. குறையாத மாதிரியும் இருந்தது.

அங்கேதான் அந்த நினைப்பு வந்து உட்கார்ந்தது. இந்தச் சத்தம் மெஷினில் இருக்கிறதா, என் காதிலா?

புதிதாக வந்த நினைப்பு இல்லை. போன மாதம் கோயில் ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்து கொடுத்தபோது, "இன்னும் ஊம்னு கேக்குதுல்ல?" என்று கேட்டேன். கோயில் தலைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தோட்டத்து ஆலையில் எஞ்சின் அறையில் பதினாறு வருடம் நின்றவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதால் வயர் படம் பார்க்கத் தெரியாது. காதை வைத்துத்தான் எல்லாம். காது போனால் வேலை போகும். வேலை போனால் இந்த வாசலில் ஒரு லோரி வந்து நிற்கக் காரணமே இருக்காது.

கண்டுபிடிப்பது சுலபம். வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுச் சும்மா நின்றால் போதும். அதை மட்டும் நான் செய்யவில்லை. மெஷினை நிறுத்துவதற்கு முன்னாலேயே ரேடியோவைப் போட்டுவிடுவேன்.

போனில் பதிவு செய்து மந்தினில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன், என்ன சத்தம் என்று சொல்லாமல். பதில் வந்தது. "என்னடா தம்பி, ஒன்னுமே பேசக் காணோம்? காத்துதான் வருது. சாப்பிட்டியா இல்லியா?" அதற்கு மேல் அவளிடம் கேட்கவில்லை. காது விஷயம் தெரிந்தால் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு வந்து என்னைத் தன் வீட்டு நடு அறையில் கொண்டுபோய் வைத்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை ரொட்டி பாய் ஹாரன் அடித்தார். பின்னால் கண்ணாடிப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் செவ்வாயும் வெள்ளியும் வருவார். ஒற்றை ஆளுக்கு ஒரு ரொட்டியே நாலு நாள் தாங்கும். இருந்தாலும் இரண்டு வாங்குவேன், பேச்சு கொஞ்சம் நீளும். அன்று அவரை உள்ளே கூப்பிட்டேன்.

"என்னண்ணே, உள்ள வரச் சொல்றீங்க? பொண்ணு கிண்ணு பாத்துட்டீங்களா?"

தார்ப்பாயைத் தூக்கினேன். அவர் ஓர் அடி பின்னால் போனார்.

"அடேங்கப்பா! அண்ணே, இது சூதாடுற குதிர மெஷின்லா! என்னையும் சேத்து உள்ள தள்ளப் பாக்குறீங்களா?"

"குதிரயும் இல்ல, கழுதயும் இல்ல. வெளாட்டு மெஷின், பாய். கொஞ்சம் காதக் குடுத்துக் கேளுங்க."

ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்தார்.

"ஊம்னு வருது. எங்க வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜு மாதிரி."

"நெசமா கேக்குதா?"

"என்னய செவிடன்னு நெனச்சீங்களா? நாலு லயம் தள்ளி நாய் மூச்சு விட்டாக்கூட எனக்குக் கேக்கும். இந்த மோட்டார்ல போறவனுக்கு அதுதான எமன்!"

பழுது இருக்கிறது என்று ஒருவர் சொல்லி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அன்றைக்கு மூன்று ரொட்டி வாங்கினேன்.

மறுநாள் நிதானமாகத் தேடினேன். ஒலிப் பலகையின் எர்த் வயர் ஒரு திருகாணியில் முடிகிறது. கடல் காற்றில் அந்தத் திருகாணி துருப்பிடித்து, வயர் பிடித்திருப்பது போலத் தெரிந்ததே தவிரப் பிடித்திருக்கவில்லை. உப்புத்தாளால் வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்தேன், புதுத் திருகாணி போட்டு இறுக்கினேன். சுவிட்சைப் போட்டேன்.

கேட்டது. மெதுவாக, தூரத்தில், ஆனால் கேட்டது.

ரேடியோவைப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்காக உட்கார்ந்திருந்தேன்.

தொழுகை முடிந்து சாயங்காலம் வந்தார். கண்ணாடியின் மேல் கன்னத்தையே வைத்துக் கேட்டார்.

"ஒன்னுமே இல்லண்ணே. சுவிட்சு போட்டிருக்கீங்களா?"

"லைட்டு எரியுது பாருங்க."

"அப்ப சரியாயிருச்சுலா! ஒரு ஆட்டம் விடுங்க."

மூன்று குண்டு ஆடினார். மூன்றும் நேராகக் குழியில் விழுந்தன. "ரொட்டி விக்கிறவனுக்கு இதெல்லாம் ஆவாது" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவர் போன பிறகு மெயின் சுவிட்சை இறக்கினேன். மெஷினின் விளக்குகள் அணைந்தன. காற்றாடி சுற்றி ஓய்ந்தது. ஃப்ரிட்ஜ் ஒரு தடவை உலுக்கிக்கொண்டு நின்றது. நான் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றேன், அதுவும் செத்திருந்தது. ம்ம்ம். இடது காதில். விரலால் அடைத்தேன், பெரிதானது.

திங்கட்கிழமை மெஷின் சி ரூசாவுக்குப் போனது. சீனத்து அம்மா குனிந்து கேட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நானும் தலையை ஆட்டினேன். வேறு யாரோ சரிசெய்ததைக் கொண்டுவந்து கொடுத்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு கோயில் ஆம்ப்ளிஃபயர் மறுபடி வந்தது, வேறு கோளாறு. புதன்கிழமையே வேலை முடிந்துவிட்டது. மூடியைப் பூட்டாமல் வெள்ளி வரை வைத்திருந்தேன்.

"அண்ணே, ரொட்டி விக்க வந்தவன எதுக்குத்தான் எப்பப் பாத்தாலும் கேளு கேளுங்கிறீங்க?" என்றார் பாய்.

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். "என் காதுல ஒன்னு ஓடிக்கிட்டே இருக்கு, பாய். சாமானோடதா என்னோடதான்னு எனக்குப் பிரிக்கத் தெரியல."

கிண்டல் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி ரொட்டிப் பெட்டி மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் காற்றாடியை நிறுத்தினேன்.

"இதுல ஒன்னும் இல்லண்ணே," என்றார். "இது ஒங்களோடது."

ஹாரன் சத்தம் செம்பனைக்குள் போய் மறையும்வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து, ஆம்ப்ளிஃபயரின் மூடியை வைத்து, நாலு திருகாணியையும் பூட்டினேன்.