கம்பெனி ஆளு ஊற்றின டீ

ஓசியில் கொடுத்தாலும் வாங்க ஆளில்லாத சரக்கு ஒன்று உண்டென்றால், யுத்தத்துக்கு முந்தி திண்டிவனம் பக்கத்தில் அது டீதான். ஊர் ஊராகப் போய் அதைச் சும்மா ஊற்றிக் கொடுத்து, ஜனங்களுக்குப் பழக்கிவிடுவது என் உத்தியோகம். காக்கிக் கோட்டு, தொப்பி, மாட்டுவண்டி, பாய்லர், பீங்கான் கோப்பை எல்லாம் கம்பெனி கொடுத்தது. வேண்டாத சரக்கை அடுத்தவன் தலையில் கட்டி வயிறு வளர்த்தவர்களே, என் அவஸ்தை உங்களுக்குத்தான் புரியும்.

உங்களுக்கு இல்லாத பயம் ஒன்றும் எனக்கு இருந்தது. நான் வானூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்து மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பையன். கம்பெனி துரை அதைக் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் கேட்பார்களே! தெரிந்தால் கோப்பை உடையும், வேலை போகும், முதுகுத் தோலும் மிஞ்சாது. யார் வந்து "தம்பி யாரு?" என்றாலும் "கம்பெனி ஆளுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் கோப்பையை நீட்டிவிடுவேன்.

சாயத் தண்ணி

பிரம்மதேசத்தில் ஒரு அம்மாள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். முந்தானை நுனியை டீயில் நனைத்துப் பிழிந்தாள். கறை போகவில்லை. அவள் என் முகத்தையே உற்றுப் பார்க்க, கண்டுபிடித்துவிட்டாளோ என்று தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் கவலை வேறாம்.

"ஏம்பா, துணியில பட்டாலே போவாத சாயம், கொடல்ல புடிச்சிக்கினா யாருப்பா தொவைக்கிறது?"

அண்ணாந்து

எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஜனங்கள் நாம். கம்பெனிக்கு இது தெரியாது. சூடாகக் கொடு என்று உத்தரவு. திண்டிவனத்துக்கு அடுத்த ஊரில் மணியக்காரர் வந்தார். "ஆறட்டுங்க" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. கோப்பையைத் தூக்கி மடக்கென்று வாயில் கவிழ்த்துவிட்டார். ஐயோ! நாக்கு, தொண்டை எல்லாம் வெந்து, பேச்சு மூச்சில்லை.

ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விசாரணை என்று வந்தால் முதல் கேள்வியே யார் வீட்டுப் பையன் என்பதுதானே. விடிந்ததும் அவர் சம்சாரம் ஆள் விட்டுக் கூப்பிட்டாள். போய்க் கொல்லைப்புறம் நின்றேன்.

"நேத்துலேர்ந்து மனுஷன் வாயத் தொறக்கல தம்பி, வூடு நிம்மதியா இருக்குது. இன்னிக்கும் சூடாவே குடு."

சந்தையில்

நாக்கு ஆறினதும் மணியக்காரர் தானாகவே வர ஆரம்பித்தார். சர்க்கரை ஆகாது, வெல்லம்தான். சுக்கு தட்டிப் போட வேண்டும். ஆறவைத்து அண்ணாந்து குடித்துவிட்டு "ஆஹா" என்பார். அவரைப் பார்த்து ஊரும் குடித்தது. அப்பாடா, பிழைத்தோம் என்றிருந்தேன்.

திண்டிவனம் சந்தையில் அவரும் இன்னும் பலரும் கையில் கோப்பையோடு நின்றபோது, கருவாடு விற்க வந்த எங்கள் தெருப் பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டாள். பாவம், அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தைக்கே கேட்கிற மாதிரி கூவினாள்:

"அடே அந்தோணி! நம்ம சேரிப் புள்ள தொப்பி போட்டுக்கினு ஊர்க்காரங்களுக்கே ஊத்திக் குடுக்குதே, எம் ராசா!"

வண்டிக்குப் பின்னால்

கோப்பைகள் கீழே விழுந்து நொறுங்கின. ஒருவர் விரலை விட்டு வாந்தி எடுத்தார். மணியக்காரர் துண்டை உதறிக்கொண்டு போனார். ஆள் கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறார் என்று நினைத்து, மாட்டைப் பூட்டவும் கை வராமல் வண்டியடியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தை கலைந்தபின் அவர் மட்டும் தனியாக வந்தார். எழுந்து கைகூப்பினேன். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து ஒரு பித்தளை டம்ளரை எடுத்தார்.

"பின்னால வா. என் டம்ளர்ல ஒசக்க இருந்து ஊத்து, வெல்லம் தூக்கலாப் போடு. வெளிய சொன்ன, தோல உரிச்சிடுவேன்."

அந்த வருஷம் முழுக்க வண்டிக்கு முன்னால் ஈ ஓட்டினேன், பின்னால் ஒவ்வொருவராக ஒளிந்து வந்தவர்களுக்கு டம்ளர் டம்ளராக ஊற்றினேன். டீ நன்றாகப் பழகின ஊர் என்று கம்பெனி என் முதுகில் தட்டிக்கொடுத்தது.