நாகைத் துறைமுகமும் நான் சொன்ன வானமும்

மாசி மாதம், வியாழக்கிழமை. மாலை நான்கு மணிக்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் எண்பது கிலோமீட்டர் சொச்சம். மறுநாள் காலை அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். நாலு மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரை. ஒரத்தநாட்டில் அறுவடை முடிந்த கையோடு கிளம்பியவன் நான். ஊர் சுற்றுவதைத் தவிர வேறு காரியம் இல்லை.

பக்கத்து இருக்கையில் சிவமலர் என்ற அம்மாள். மடியில் சிவப்புத் துணி சுற்றிய தூக்குவாளி. கீழே வைக்கச் சொன்னேன்.

"கீழ வைக்கேலாது அண்ணை. இவர்தான்" என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து இதய வைத்தியத்துக்காகக் கணவரைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்தவர். அவர் இங்கேயே இறந்துபோனார், இங்கேயே எரித்தாயிற்று; வாளிக்குள் அவருடைய அஸ்தி. காகிதங்கள் கைக்கு வர இத்தனை நாள் ஆகிவிட்டது. சனிக்கிழமை முப்பத்தோராம் நாள். அன்று யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் அஸ்தியைக் கரைத்து அந்தியேட்டிச் சடங்கு செய்ய வேண்டும், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

திருவாரூரில் பஸ் நின்றபோது அவருடைய மகன் போனில் அழைத்தான். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் நாளைய விமானத்தில் ஒரே ஒரு இடம் இருக்கிறதாம், உடனே பதில் சொல்ல வேண்டுமாம். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நாளைக்குக் கப்பல் ஓடுமோ?"

எட்டிப் பார்த்தேன். மேகம் ஒரு பொட்டு இல்லை. காற்றும் இல்லை. நெல் காயப் போடும் நாளை முந்தின மாலையே பார்த்துச் சொல்லுகிறவன் என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர் உண்டு. வாய் சும்மா இருக்குமா?

"தாராளமா ஓடுங்க. வானம் பளிச்சுனு இருக்கு பாருங்க. நாளைக்கும் இப்படித்தான்."

அவர் மகனிடம் விமானம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏழு மணிக்கு நாகை. பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு லாட்ஜில் ஆளுக்கொரு அறை, எண்ணூறு ரூபாய். அஸ்தியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று மேனேஜர் சொல்வதற்கு முன்பே, அந்த அம்மாள் வாளியை வாசல் வேப்பமரத்துக் கிளையில் கட்டிவிட்டார். எங்கள் பக்கமும் அதுதான் வழக்கம்.

வெள்ளி காலை ஆறரை. துறைமுக வாசலில் பெட்டிகளோடு சிறு கூட்டம். மீன் வாடை, கருவாட்டு மூட்டை, பூட்டிய கேட். வெயில் சுள்ளென்று ஏறியது. கடல் என் கண்ணுக்கு ஏரி போலத்தான் கிடந்தது. ஒரு ஊழியர் வந்து கேட்டுக்கு உள்ளிருந்தபடியே சொன்னார்.

"இன்னிக்குக் கப்பல் இல்லீங்க. நாளைக்கும் சந்தேகந்தான்."

"வானம் இவ்வளவு தெளிவா இருக்கே சார்?" என்றேன்.

"வானத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. நடுக்கடல்ல அலை தூக்குதாம். எங்கயோ அடிச்ச காத்துக்கு இங்க அலை வரும்."

அந்த அம்மாள் மகனுக்குப் போன் போட்டார். விமானத்தில் அந்த இடம் நேற்றே போய்விட்டது. வேறு இடமும் இல்லை.

ஏதாவது ஆறுதல் சொல்லத்தானே வேண்டும். "இங்கயே கரைச்சிடலாங்க. தண்ணி ஒண்ணுதானே" என்றேன்.

அவர் வாளியை இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

"ஊருக்குக் கொண்டு போ, ஊருக்குக் கொண்டு போ எண்டுதான் அண்ணை கடைசி மட்டும் கேட்டவர்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். "நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள்" என்று அவரே முந்திக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். லாட்ஜ் வரை கூடவே நடந்தேன். வாளியை மறுபடியும் அதே கிளையில் கட்டினார். கப்பல் விடும் வரை அங்கேயே இருக்கப் போவதாகச் சொல்லி, என்னைப் போகச் சொன்னார். நானும் போனேன். இருந்து என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஒரத்தநாட்டில் பால் வாங்கப் புறப்பட்டேன். ரோட்டின் பாதியை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பக்கத்து வயல்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணே, இன்னிக்குத் தாங்குமா? சொல்லுங்க."

அண்ணாந்து பார்த்தேன். மேகம் ஒரு பொட்டு இல்லை. பதில் சொல்லாமல் நடந்தேன்.